நடுவானில் என்ஜின் நின்றால் என்ன ஆகும்? ஒரு வினாடியில் உயிர் பிழைக்க ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சி!

அரக்கோணம்,-

"என்ஜின் நின்னு போச்சு! இப்ப எங்கே இறக்குவே?"

ஹெலிகாப்டர் ஓட்டப் பழகும் மாணவனிடம், பக்கத்து இருக்கையில் இருக்கும் ஆசிரியர் திடீரென்று இப்படிக் கேட்பது உண்டு. கேட்பதோடு நிற்க மாட்டார். என்ஜினின் சக்தியையும் "டக்"கென்று குறைத்து விடுவார். மாணவன் வாயால் பதில் சொல்லிக் கொண்டிருக்க நேரம் கிடையாது. கையால் பதில் சொல்ல வேண்டும்!

ஹெலிகாப்டர் பயிற்சி எந்த நாட்டில் நடந்தாலும் இந்தப் பாடம் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் இந்தப் பாடத்துக்குப் பெயர் போன ஊர் அரக்கோணம். அங்குள்ள "ஐ.என்.எஸ். ராஜாளி" கடற்படை விமான தளத்தை 1992-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி அப்போதைய ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது.

2024-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி அங்கு பயிற்சி முடித்து 21 அதிகாரிகள் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர் அனாமிகா ராஜீவ். கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி என்ற பெயர் அன்று அவருக்குக் கிடைத்தது.

ஹெலிகாப்டரை மேலே தூக்குவதும், கீழே இறக்குவதும், அந்தரத்தில் நிறுத்துவதும் பழகப் பழக வந்து விடும். கஷ்டமான பாடம் வேறு. ஆபத்து வந்தால் மனசு ஒன்று சொல்லும். கை அதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும்!

ஓலைக் காற்றாடி

என்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லைப் போல "தொப்"பென்று விழுந்து விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு.

கிராமத்துப் பிள்ளைகள் பனை ஓலையில் காற்றாடி செய்து, முள்ளில் குத்திக்கொண்டு ஓடுவார்கள். காற்று எதிரே வந்து மோத, காற்றாடி தானாகச் சுற்றும். ஹெலிகாப்டரும் அப்படித்தான். அது கீழே இறங்கும்போது அடியில் இருந்து வரும் காற்று, தலைக்கு மேலே உள்ள பெரிய விசிறியைச் சுற்ற வைக்கிறது. விசிறி சுற்றும் வரை விமானம் விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும். இதற்கு "ஆட்டோ ரொட்டேஷன்" என்று பெயர்.

ஆனால் ஒரு நிபந்தனை. விமானியின் இடது கையில் "கலெக்டிவ்" என்று ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதைத் தூக்கினால் விமானம் மேலே போகும். என்ஜின் நின்று விமானம் கீழே போகும்போது எந்த மனிதனுக்கும் அதை மேலே இழுக்கத்தான் தோன்றும். இழுத்தால் போச்சு! விசிறியின் வேகம் செத்து விடும். அப்புறம் பிழைக்க வழி இல்லை.

அதை உடனே கீழே தள்ள வேண்டும். சிறிய ஹெலிகாப்டர்களில் இதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒன்று அல்லது இரண்டு வினாடிதான். யோசிக்க நேரம் ஏது?

1,000 அடி உயரத்தில் என்ஜின் நின்றால் தரைக்கு வர ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். அதற்குள் நல்ல இடம் பார்க்க வேண்டும். காற்று அடிக்கும் திசையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். தரையை நெருங்கியதும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். கடைசி சில அடிகளில், அதுவரை கீழே வைத்திருந்த நெம்புகோலை இதமாக மேலே இழுக்க வேண்டும். விசிறியில் மிச்சம் இருக்கும் வேகம் ஒரே ஒரு தடவைதான் கை கொடுக்கும். முன்னால் இழுத்தாலும் ஆபத்து. பின்னால் இழுத்தாலும் ஆபத்து.

மிகவும் தாழ்வாக, மிகவும் மெதுவாகப் பறக்கும்போது என்ஜின் நின்றால் இந்த வித்தையும் பலிக்காது. எந்த உயரத்தில், எந்த வேகத்தில் அந்த அபாயம் என்று ஒவ்வொரு ரக ஹெலிகாப்டருக்கும் வரைபடம் உண்டு. விமானிகள் அதற்கு வைத்துள்ள பெயர் "செத்தவன் வளைவு"!

வால் விசிறி

பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றினால், ஹெலிகாப்டரின் உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுப்பதுதான் வாலில் உள்ள சின்ன விசிறியின் வேலை. அது பழுதானால் விமானம் பம்பரம் போல் சுழலும். ஓரளவு வேகத்தில் பறந்து கொண்டிருந்தால், அந்த வேகத்திலேயே ஓடுபாதைக்குக் கொண்டு வந்து விமானத்தைத் தரையில் ஓட விட்டு இறக்கலாம். அதற்கும் பயிற்சி உண்டு.

பயிற்சி உதவாத நேரமும் உண்டு. 2018-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி இங்கிலாந்தில் லெஸ்டர் கால்பந்து மைதானத்தில் இருந்து ஒரு ஹெலிகாப்டர் கிளம்பியது. மேலே ஏறிய சற்று நேரத்தில் வால் விசிறியின் இயக்கம் விமானியின் கட்டுப்பாட்டை விட்டுப் போனது. கால்பந்து குழுவின் அதிபர் விச்சாய் உள்பட 5 பேர் பலியானார்கள். வால் விசிறியில் இருந்த ஒரு பேரிங் பழுதானதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

மேகத்துக்குள் மாட்டினால்

என்ஜின் நிற்பதை விட விமானிகளைக் கவிழ்க்கும் பொல்லாத எதிரி மேகம்.

நம் காதுக்குள் இருக்கும் திரவம்தான் உடம்பு நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று மூளைக்குச் சொல்கிறது. வெளியே ஒன்றும் தெரியாதபோது அது பொய் சொல்லும். விமானம் சாய்ந்து கொண்டிருக்கும். "நேராத்தான் போறோம்" என்று உடம்பு சத்தியம் செய்யும்! இப்படி மாட்டிக்கொள்ளும் பயிற்சி இல்லாத ஹெலிகாப்டர் விமானிக்கு 56 வினாடிதான் ஆயுள் என்று அமெரிக்க ஹெலிகாப்டர் பாதுகாப்புக் குழு எச்சரிக்கிறது.

2020-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், அவருடைய மகள் உள்பட 9 பேர் பலியானது இப்படித்தான்.

தமிழ்நாடு மறக்க முடியாத விபத்து 2021-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி குன்னூர் அருகே நடந்தது. சூலூரில் இருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட விமானப்படை ஹெலிகாப்டர் மலையில் மோதியது. முப்படைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி உள்பட 13 பேர் பலியானார்கள். உயிருக்குப் போராடிய குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் இறந்தார். எந்திரக் கோளாறும் இல்லை; சதியும் இல்லை. எதிர்பாராமல் வானிலை மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்ததால் விமானி திசை உணர்வை இழந்தார் என்று விசாரணைக் குழு கூறியது. விமானக் குழுவினரின் தவறு என்று 2024-ம் ஆண்டு டிசம்பரில் வெளியான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை குறிப்பிட்டது.

இதற்கான பயிற்சியில் மாணவனுக்கு வெளியே எதுவும் தெரியாதபடி கண்ணுக்கு மறைப்பு போட்டு விடுவார்கள். எதிரே உள்ள கருவிகள் மட்டுமே தெரியும். "உடம்பை நம்பாதே, முள்ளை நம்பு" என்பதுதான் பாடம்.

தண்ணீருக்குள் தலைகீழாக

கடலுக்கு மேலே பறக்கிறவர்களுக்கு இன்னொரு சோதனை. என்ஜினும் விசிறியும் மேலே இருப்பதால் ஹெலிகாப்டருக்குத் தலைக்கனம் அதிகம். தண்ணீரில் விழுந்தால் குப்புறக் கவிழ்ந்து விடும்.

இதற்காகக் கொச்சி கடற்படைத் தளத்தில் தனிக் குளமே இருக்கிறது. விமானத்தின் உள்பகுதி மாதிரி ஒரு கூண்டில் ஆட்களை உட்கார வைத்து, பெல்ட் போட்டு, தண்ணீருக்குள் இறக்கித் தலைகீழாகத் திருப்புவார்கள். பதற்றத்தில் எல்லோரும் முதலில் பெல்ட்டைக் கழற்றப் பார்ப்பார்கள். கழற்றினால் உடம்பு மிதந்து, வாசல் எந்தப் பக்கம் என்பதே மறந்து போகும். ஒரு கையால் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கூண்டு ஆட்டம் நிற்கும் வரை மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும். பிறகுதான் பெல்ட்!

2022-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி மும்பை அருகே எண்ணெய்க் கிணறு ஊழியர்களுடன் சென்ற ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. அதில் இருந்த 9 பேரில் 4 பேர் பலியானார்கள். 5 பேர் மீட்கப்பட்டார்கள்.

பயிற்சியே ஆபத்து

என்ஜின் நிற்பதை நிஜ விமானத்தில் பழகுவதே ஆபத்துதான். பயிற்சியின்போது நடந்த விபத்துகளும் உண்டு. அதனால் பெரும்பாலும் தரைக்குச் சில அடி மேலேயே மறுபடி சக்தி கொடுத்து விமானத்தைத் தூக்கி விடுவார்கள். மற்ற ஆபத்துகளைச் "சிமுலேட்டர்" எனப்படும் பொய் விமானத்தில் பழகலாம். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமும் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து பெங்களூரில் அமைத்த சிமுலேட்டர் நிலையம் 2010-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கே விமானம் எத்தனை முறை "விழுந்தாலும்" யாருக்கும் ஒரு கீறல் விழாது.

லைசென்சு வாங்கியதோடு இந்தப் படிப்பு முடிவதில்லை. கை பழக்கம் விட்டுப் போகும் என்பதால், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை விமானிகளுக்கு மறுபடி பரிசோதனை நடக்கிறது. 20 வருடம் ஓட்டியவராக இருந்தாலும் சரி, பரிசோதகர் முன்னால் உட்கார்ந்து மீண்டும் ஆபத்தில் மாட்டி, மீண்டு காட்ட வேண்டும்.