தெரிந்த வைத்தியமும் செய்யும் வைத்தியமும்

குலசேகரத்தில் விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் போகிறவர்கள் பால்வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்து முடிக்கும்போது வெயில் ஏறிவிடும். உடம்புக்கு முடியவில்லை என்றால் அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே ஓ.பி. சீட்டை வாங்கிப் பார்த்து, "என்ன செய்யுது?" என்று முதலில் கேட்பது பெரும்பாலும் இருபத்தோரு வயதுப் பிள்ளையாக இருக்கும். பேச்சிப்பாறைக்கும் திற்பரப்புக்கும் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் இந்தச் சிற்றூரில் மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி, ஹோமியோபதிக் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. ஸ்ரீ மூகாம்பிகா மருத்துவக் கல்லூரி 2006-இல் வந்தது. தோட்டத் தொழிலாளியின் முட்டுவலியும் மலையோரக் கிழவரின் இருமலும் இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம்.

இந்தப் பக்கத்துக்கு வைத்தியக் கல்வி புதிதல்ல. தெற்கே நெய்யூரில் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1861-இல் வந்த ஜான் லோ, தன் இரண்டு கைகளால் மட்டும் தென்திருவிதாங்கூரைப் பார்த்து முடிக்க முடியாது என்று கண்டுகொண்டு, உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து வகுப்பு நடத்தினார். கட்டுப் போடுவது, மருந்து கலப்பது, அறுவையின்போது பக்கத்தில் நிற்பது என்று பழகியவர்கள் பிறகு கிளை வைத்தியசாலைகளைக் கவனித்தார்கள். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போய்த் திரும்பிய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூரைச் சும்மா பார்க்க வந்து, நோயாளிக் கூட்டத்தைக் கண்டு அங்கேயே வேலை செய்ய முடிவெடுத்ததும் இதே ஆஸ்பத்திரியில்தான். எவரெஸ்ட் கதையைப் பலரும் சொல்வார்கள். எனக்கு லோவின் வகுப்புதான் பெரிதாகப் படுகிறது.

வகுப்பு நடத்திவிடலாம். அது நோயாளிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படி அறிவது? பரீட்சை எழுதச் சொன்னால் நல்ல மாணவர் எல்லாவற்றையும் எழுதிவிடுவார். நெஞ்சுவலி என்று வந்தவரிடம் வலி எங்கே பரவுகிறது, வியர்த்ததா, நடந்தால் கூடுகிறதா என்று கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நூறு பேர் வரிசையில் நிற்கும் காலைப்பொழுதில் கேட்பாரா?

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பரோஸ் 1963-இல் இதற்கு ஒரு வழி கண்டார். நோயே இல்லாத ஒரு பெண்ணுக்கு, நரம்பு நோயாளியைப்போல் நடிக்கப் பயிற்சி கொடுத்து மாணவர்கள் முன் உட்காரவைத்தார். மாணவர் என்ன கேட்டார், எதை விட்டார், எரிந்து விழுந்தாரா என்பதை நடித்தவரே பின்னால் சொல்லிவிடுவார். ஹாலிவுட் கூத்து என்று அப்போது கேலி செய்தார்கள். பிறகு 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் கூட்டாளிகளும், மாணவர்களை மேசை மேசையாக நகர்த்திச் செய்துகாட்டச் சொல்லும் தேர்வுமுறையை விவரித்தார்கள். ஒரு மேசையில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், அடுத்ததில் நோயாளியிடம் கதை கேட்க வேண்டும். நம் மாணவர்கள் 'ஆஸ்கி' என்று பயந்து பேசுவது இதைத்தான்.

நடிப்பு நோயாளிகளை மாறுவேடத்தில் உண்மையான வைத்தியசாலைகளுக்கே அனுப்பினால்? பொருளியலாளர் ஜிஷ்ணு தாஸும் அவருடைய குழுவும் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் அதைச் செய்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, ஒருவரை நெஞ்சுவலிக்காரராகவும், இன்னொருவரை ஆஸ்துமாக்காரராகவும், மற்றொருவரை வயிற்றுப்போக்குள்ள பிள்ளையை வீட்டில் விட்டுவந்த தகப்பனாகவும் அனுப்பினார்கள். 2012-இல் முடிவுகள் வெளியாயின. ஒரு நோயாளிக்குக் கிடைத்த சராசரி நேரம் 3.6 நிமிடம். கேட்க வேண்டிய கேள்விகளிலும் செய்ய வேண்டிய சோதனைகளிலும் மூன்றில் ஒரு பங்குதான் நடந்தது. அங்கே வைத்தியம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் எந்த மருத்துவப் படிப்பும் இல்லாதவர்கள் என்பது உண்மைதான். ஆனால் படித்துவிட்டால் சரியாகிவிடுமா என்பதற்கு அதே குழு பிற்பாடு தந்த பதில் சங்கடமானது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கேட்பதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 1975-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் புதிதாக வந்த 80 வெளிநோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் 66 பேருக்கு, அனுப்பிய மருத்துவரின் கடிதமும் நோயாளி சொன்ன கதையுமே சரியான நோய்முடிவுக்குப் போதுமானதாக இருந்தன. உடலைச் சோதித்ததும் ரத்தம் எடுத்ததும் மிச்சமிருந்த சிலருக்குத்தான் முடிவை மாற்றின. ஆனால் கதையை முடிக்க விடுகிறோமா? 1984-இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி வாய்திறந்து சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிட்டார். தன் குறையை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் நான்கில் ஒருவர்கூட இல்லை.

"நெஞ்சுல ஒரு காந்தல் மக்களே, நேத்து ராத்திரி தொட்டு" என்று ஆரம்பிக்கும் நம்மூர்ப் பெரியவர் 18 விநாடியில் எங்கே போய்ச் சேர்வார்? நேற்று ராத்திரி தின்ற மரச்சீனியில் நிற்பார். இடது கை கடுத்ததும் வியர்த்ததும் அதற்குப் பிறகுதான் வரும். அதற்குள் கேஸ் மாத்திரை எழுதியாகிவிடும்.

பொறுமையாகக் கேள் என்று புத்தகத்தில் எழுதிவைத்துப் பயனில்லை. பால்வெட்டுக் கத்தியைப் பிடிப்பதும் இப்படித்தான். மேலாக வெட்டினால் பால் வராது, ஆழமாகப் போனால் மரம் காயப்படும், பட்டையில் ஒரு மில்லிமீட்டரை விட்டுவைக்க வேண்டும் என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கை படிவதற்குத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

பக்கத்தில் நிற்பவர் போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தில் 120 பிரசவ மையங்களில் நடந்த பெரிய சோதனை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாரைப் பற்றியது. பாதி மையங்களில் உலகச் சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவப் பட்டியலைக் கொடுத்து, அதைப் பின்பற்றப் பயிற்றுநர்களை எட்டு மாதம் அனுப்பினார்கள். அவர்கள் திட்டவில்லை, கவனித்தார்கள், எது விட்டுப்போனது என்று பேசினார்கள். இரண்டாவது மாதத்தில் அந்த மையங்களில் கைகழுவுதல் முதலான அவசியச் செயல்களில் 73 சதவீதம் நடந்தன. மற்ற மையங்களில் 42. வருகை நின்றபின், பன்னிரண்டாம் மாதத்தில் 73 என்பது 62 ஆக இறங்கியிருந்தது. 2017-இல் வந்த முடிவில் இன்னொரு கசப்பும் உண்டு. செயல்கள் கூடியும் தாய், சேய் மரணங்கள் குறையவில்லை. ரத்தம், சிசேரியன் வசதி, நேரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு ஆகியவற்றைப் பட்டியல் கொண்டுவந்து தராதே! தோற்றுப்போன சோதனை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. பயிற்சியால் எது முடியும், எது முடியாது என்று இவ்வளவு நேர்மையாகச் சொன்ன சோதனை குறைவு என்பது என் எண்ணம்.

ஆள்பற்றாக்குறையும் பயிற்சியால் தீராத ஒன்றுதான். ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 ஆஸ்பத்திரிகளைப் பார்த்து ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு 2014-இல் எழுதிய கட்டுரையின்படி, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவைக்கு வந்தவர் ஒரு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நம் வார்டுகளில் அந்தக் கூடுதல் பாரத்தைக் கூட நிற்கும் அம்மாவோ மருமகளோ சுமக்கிறார்கள்.

2019-இல் நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது, நோயாளியிடம் பேசும் முறையும் நெறிகளும் தனிப் பாடமாயின. பிறகு, ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற திட்டமும் வந்தது. பேச்சிப்பாறை மலையின் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளைச் சுற்றிலும் வைத்திருக்கும் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. ஆசிரியரும் கூடப் போனால் பாடம். போகாவிட்டால் ரெக்கார்டு நோட்டு.

சங்கடமான பதிலுக்கு வருகிறேன். தாஸ் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே தனியாகவும் கிளினிக் நடத்தும் டாக்டர்களின் இரண்டு இடங்களுக்கும் ஒரே வகை நடிப்பு நோயாளிகளை அனுப்பினார்கள். டாக்டர் அதே ஆள், படிப்பும் அதே படிப்பு. சொந்தக் கிளினிக்கில் அவர் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார், கூடுதலாகக் கேட்டார், சரியான மருந்தையும் கூடுதலாகக் கொடுத்தார். காலையில் அரசு ஓ.பி.யில் பார்த்த டாக்டரையே சாயங்காலம் காசு கொடுத்துப் பார்க்கப் போகும் நம் ஜனங்களுக்கு இது செய்தியே அல்ல. மருத்துவ மாணவர்கள் பாடம் படிப்பது காலை ஓ.பி.யில்.