என்டிஎம்-1 நொதி

என்டிஎம்-1 என்பது கார்பாபெனெம் வகை மருந்துகளையும் சிதைக்கும் ஆற்றலைப் பாக்டீரியாக்களுக்குத் தரும் நொதியாகும். "நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேசு" என்பதன் சுருக்கமே இப்பெயர். பிற நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பயனளிக்காதபோது மருத்துவமனைகள் நாடும் மருந்துகள் கார்பாபெனெம்கள் என்பதால், இந்நொதி பெரும் கவலைக்குரியதாயிற்று.

கண்டறிதல்

புது தில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டுச் சுவீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரின் சிறுநீரில், 2008ஆம் ஆண்டு கிளெப்சியெல்லா நிமோனியே பாக்டீரியா கண்டறியப்பட்டது. அதிலிருந்தே இந்நொதி முதலில் இனங்காணப்பட்டது. 2010இல் வெளியான ஆய்வு சென்னையில் 44, அரியானாவில் 26, பிரித்தானியாவில் 37 மாதிரிகளில் இதனைக் காட்டியது. ஒரு நகரின் பெயரைச் சூட்டியதற்கு இந்தியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆய்வை வெளியிட்ட 'லான்செட்' இதழ்க் குழுமத்தின் ஆசிரியர் 2011இல் வருத்தம் தெரிவித்தார். பெயர் பற்றிய சச்சரவில் நோயைப் பற்றிய பேச்சு சற்றுப் பின்தள்ளப்பட்டது எனலாம்.

செயல்படும் முறை

பெனிசிலின், செபலோசுபோரின், கார்பாபெனெம் ஆகிய மூன்றிலும் நான்கு அணுக்களாலான பீட்டா லாக்டம் வளையம் உண்டு. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுப்பது இவ்வளையமே. என்டிஎம்-1 தன்னிடமுள்ள துத்தநாக அயனிகளின் துணையுடன் இவ்வளையத்தை உடைத்துவிடுகிறது. அசுட்ரியோனம் என்னும் மருந்தை மட்டும் இதனால் உடைக்க இயலாது. ஆனால் இதனைக் கொண்ட பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அசுட்ரியோனத்தை உடைக்கும் வேறு நொதிகளையும் வைத்திருக்கின்றன.

பரவல்

மருந்து உண்பவரின் உடல் மருந்துக்குப் பழகிவிடுகிறது எனப் பலர் எண்ணுகின்றனர். மாறுவது உடலன்று, பாக்டீரியாக் கூட்டம். மருந்துக்கு மடிபவை மடிய, மடியாத சில பெருகி அவ்விடத்தை நிரப்புகின்றன. என்டிஎம்-1க்கான மரபணு பிளாசுமிடு எனப்படும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால், கிளெப்சியெல்லாவிடமிருந்து எசரிக்கியா கோலைக்குக்கூடத் தாவவல்லது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சிறுநீர்க் குழாய், செயற்கைச் சுவாசக் கருவி, கழுவப்படாத கைகள் ஆகியவை இதற்கு வழியாகின்றன. 2011இல் வெளியான ஆய்வொன்றில் புது தில்லியின் 50 குடிநீர் மாதிரிகளுள் 2இல் இம்மரபணு காணப்பட்டது.

சிகிச்சையும் கட்டுப்பாடும்

சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியதால் ஒதுக்கப்பட்டிருந்த கோலிசுட்டின் என்னும் பழைய மருந்து மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. அசுட்ரியோனத்துடன் அவிபாக்டமைச் சேர்த்த கூட்டு மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒப்புதல் அளித்தது. இந்தியாவில் 2014 மார்ச் முதல் கார்பாபெனெம் உள்ளிட்ட சில மருந்துகள் எச்1 அட்டவணையில் உள்ளன. இவற்றை விற்கும் மருந்துக்கடைகள் மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களையும் மருந்தின் அளவையும் பதிவேட்டில் எழுதி, அதனை மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும்.