விண்வெளிப் போரும் சடத்துவமும்

கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்டவுக்கு ஏறும் பேருந்து, மலைச்சரிவின் வளைவுகள்தோறும் திரும்பிச் செல்கின்றது. அத்திருப்பத்துக்குச் சாரதியின் திறமை மட்டும் காரணமன்று. சில்லுகளுக்கும் தெருவுக்குமிடையே நிகழும் உராய்வே வண்டியை வளைவின் உட்புறம் நோக்கித் தள்ளுகின்றது. ஆகாய விமானத்துக்கு இத்துணையைக் காற்று அளிக்கின்றது. விண்வெளியிலோ தெருவுமில்லை, காற்றுமில்லை. ஆயினும், விஞ்ஞானக் கதைகள் பலவற்றிலும் திரைப்படங்களிலும் விண்கலங்கள் விமானங்களைப் போலச் சாய்ந்து வளைந்து போர் புரிகின்றன. வெற்றிடத்திலே வெடியோசையும் கேட்கின்றது. இவை பௌதிகவியலுக்கு ஒவ்வாதன.

விசை தாக்காத பொருள் மாறா வேகத்துடன் நேர்கோட்டிற் செல்லும் என்பது நியூற்றனின் முதல் விதி. இவ்வியல்பே சடத்துவம் எனப்படும். செக்கனுக்கு 10 கிலோமீற்றர் விரையும் கலமொன்று, தன் வேகத்தைச் செக்கனுக்கு 10 மீற்றர் வீதம் குறைத்துக்கொண்டு வருமாயின், நிற்பதற்கு 1,000 செக்கன் செல்லும்; அதற்குள் 5,000 கிலோமீற்றர் கடந்துவிடும். மீண்டும் அதே வேகத்துடன் திரும்பி வருதற்கு மேலும் அத்துணை உந்துவிசை வேண்டும். ஆதலின் விண்வெளியில் வலிமையாவது வேகமன்று; போக்கை மாற்றும் ஆற்றலேயாம்.

இவ்வுண்மையைக் கதைப்பொருளாக்கியவர் ஆதர் சி. கிளாக். இலண்டனிற் பௌதிகவியலும் கணிதமும் பயின்ற இவர், 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையையே இல்லமாகக் கொண்டவர். ஒளித்துப் பிடித்தல் விளையாட்டையே தலைப்பாகக் கொண்ட இவரது சிறுகதை 1949 இல் வெளிவந்தது. செவ்வாயின் துணைக்கோளாகிய போபோசில் விண்ணுடை அணிந்த ஒற்றன் ஒருவன் இறங்குகின்றான்; பெரும் போர்க்கலம் ஒன்று அவனைத் தேடி வருகின்றது. போபோசின் விட்டம் ஏறக்குறைய 22 கிலோமீற்றர். அதன் ஈர்ப்பு பூமியினதில் ஆயிரத்திலொரு பங்கினும் குறைவு. அத்துணைச் சிறிய ஈர்ப்பு, விரைந்து செல்லும் கலத்தைத் தன்னைச் சுற்றி வளைக்கமாட்டாது. பொறியாலேயே வளைதல் வேண்டும். திணிவு மிக்க கலத்தின் முகத்தைத் திருப்பவும், திருப்பியதை நிறுத்தவும் நெடுநேரம் செல்லும். ஒற்றனுக்கோ பாறையைத் தனக்கும் கலத்துக்கும் இடையே வைத்துச் சிறிது நகர்தலே போதும். இங்ஙனம் படைக்கலம் நிறைந்த கலம் தனிமனிதன் ஒருவன்முன் திகைக்கின்றது.

கதைக்கு வெளியேயும் இவ்விதி செயற்படுகின்றது. 2007 இல் சீனம் தன் பழைய செய்மதியொன்றை ஏறக்குறைய 860 கிலோமீற்றர் உயரத்திற் தகர்த்தது. 3,000 க்கு மேற்பட்ட துண்டுகள் கணக்கிடப்பட்டன. அவற்றுட் பல இன்றும் பூமியைச் சுற்றுகின்றன. 2019 மார்ச் 27 இல் இந்தியா தன் செய்மதியொன்றைத் தகர்த்த உயரம் ஏறக்குறைய 280 கிலோமீற்றர். அங்குள்ள மெல்லிய காற்றின் உராய்வினால் பெரும்பாலான துண்டுகள் சில மாதங்களுள் வீழ்ந்து எரிந்தன. வெடிப்பினால் உயரே வீசப்பட்ட சில மட்டும் நெடுநாள் சுற்றின.

உராய்வு அருகிய உயரங்களிற் போர் மூளுமாயின், அதன் சிதறல்கள் போர் முடிந்த பின்னும் ஓயா. வானிலை அறிவிக்கும் செய்மதியாயினும் செய்தி சுமக்கும் செய்மதியாயினும், வென்றவன் கலமாயினும் தோற்றவன் கலமாயினும், எதிர்ப்பட்டதை அவை தாக்கியே தீரும்.