மறதிக்கு ஈடுகொடுத்த மூளை

"வயசு போனா மறதி வரத்தானே செய்யும்" என்று எங்கட வீடுகளில் லேசாகச் சொல்லிவிடுவோம். பெற்ற பிள்ளையையே "நீ ஆர்ட மகன்?" என்று கேட்க வைக்கும் அல்சைமர் வெறும் முதுமையல்ல, நோய். மூளையில் அமிலோயிட் என்ற புரதம் படிகிறது. டௌ என்ற இன்னொரு புரதம் நரம்புக் கலங்களுக்குள் முடிச்சு விழுகிறது.

கொலம்பியாவில் ஒரு பெருங்குடும்பம். பரம்பரை அலகு விகாரம் ஒன்றினால் அவர்களில் பலருக்கு 44 வயதளவிலேயே ஞாபகம் தடுமாறத் தொடங்கும். அதே விகாரம் இருந்தும் ஒரு பெண் எழுபது வயதுவரை தெளிவாக இருந்தார். அவரது மூளையில் அமிலோயிட் நிறைய, டௌவோ குறைவு. அபோஈ என்ற அலகில் அவருக்கிருந்த அரிய மாற்றமே காரணமாகலாம் என்று 2019இல் ஆய்வாளர்கள் எழுதினர்.

அதை எப்படிச் சோதிப்பது? உயிரோடிருப்பவரின் மூளையை வெட்டிப் பார்க்க ஏலாதே. இங்கேதான் கல வளர்ப்பு கைகொடுக்கிறது. மனிதத் தோற்கலத்தை மூலக்கலமாக மாற்றும் வழியை யமனாக்காவின் குழு 2007இல் காட்டியது. அந்த மூலக்கலத்தைத் தட்டிலே நரம்புக் கலமாக வளர்க்கலாம். இரண்டு தட்டுகள், ஒன்றில் மட்டும் அந்த மாற்றத்தைப் புகுத்துகிறார்கள். மற்றதெல்லாம் ஒன்றே என்பதால், தெரியும் வித்தியாசம் அந்த மாற்றத்தால் வந்தது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மாற்றம் பெற்ற கலங்கள் டௌவைக் குறைவாகவே உள்ளெடுத்தன.

தட்டு மூளையாகிவிடாது, இந்த மாற்றத்தை அடிப்படையாகக் கொண்ட மருந்தும் இன்னும் வரவில்லை. ஆனால் "ஏன் வருகிறது?" என்ற கேள்வியோடு "இவருக்கு ஏன் இவ்வளவு பிந்தியது?" என்ற கேள்வியும் சேர்ந்துவிட்டது. அதுவரை, "சாப்பிட்டாச்சா?" என்று உம்மா நாலாம் முறை கேட்டாலும், முதல்முறை கேட்டதுபோலவே பதில் சொல்வோம்.