டிராகனும் பாய்மரமும்: அணிச் சின்னம் யாருக்குச் சொந்தம்?

1

ஒரு ஹாக்கி அணிக்கு எந்தச் சின்னம் பொருத்தம் என்ற விவாதத்தை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நம் வட்டாரங்களில் விளையாட்டைப் பற்றி எழுதுவதே கொஞ்சம் கௌரவக் குறைச்சல்தான். கொடி, கட்சிச் சின்னம், அரசு முத்திரை பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பையன்கள் நெஞ்சில் போட்டுக்கொண்டு அலைகிற படத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. ஆனால் 'இந்தப் படம் நம்மளைக் காட்டுதா?' என்று நாலு பேர் டீக்கடையில் மல்லுக்கட்டும்போது, அவர்கள் பிரதிநிதித்துவம் என்கிற அரசியல் பிரச்சினையின் நடுவில்தான் நிற்கிறார்கள். அந்தச் சண்டை எதை வெளியே கொண்டுவருகிறது, எதை மூடிவிடுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம்மூர்க் கதை. 2005 முதல் 2008 வரை நடந்த பிரிமியர் ஹாக்கி லீகில் 'சென்னை வீரன்ஸ்' என்று ஓர் அணி இருந்தது. தமிழ்ச் சொல்லின் வாலில் ஆங்கிலப் பன்மையை ஒட்டவைத்த பெயர். லீக் போயிற்று, வீரன்களும் போனார்கள். 2012ல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி வந்தது. அதில் 'சென்னை சீட்டாஸ்'. சீட்டா என்கிற சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக 1952லேயே அறிவிக்கப்பட்ட விலங்கு. மறுபடி நமீபியாவிலிருந்து குனோ காட்டுக்கு அதைக் கொண்டுவந்து விட்டது 2022ல்தான். ஆக, நாட்டில் ஒன்றுகூட உயிரோடு திரியாத ஒரு மிருகம் அன்றைக்குச் சென்னையின் அடையாளமாக இருந்திருக்கிறது. அந்த லீகும் ஒரே வருஷத்தோடு சரி. 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீகில் தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. 2024 டிசம்பரில் அதே லீக் புத்துயிர் பெற்றபோது வந்து சேர்ந்தது 'தமிழ்நாடு டிராகன்ஸ்'. முதல் பருவத்தின் ஆட்டங்கள் எல்லாம் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடந்தன. தமிழ்நாட்டின் பெயரில் வந்த அணி, தமிழ்நாட்டு மண்ணில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அந்தப் பருவத்தை முடித்தது.

இருபது வருஷத்துக்குள் மூன்று பெயர், மூன்று சின்னம்.

2

இப்போது டீக்கடை விவாதத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கஷ்டமில்லை. 'டிராகன் எங்கடா நம்ம ஊர்ல இருக்கு? அது சீனாக்காரன் பாம்பு' என்பார் ஒருவர். யாளி இருக்கிறதே, கோயில் தூணுக்குத் தூண் நிற்கிறதே என்பார் இன்னொருவர். காவிரிக்கரைக்காரர் சோழன் புலி என்பார். கோவில்பட்டிக்காரருக்கு அது ஒத்துவராது, பாண்டியன் மீன் என்பார். கொங்கிலிருந்து சேரன் வில் வரும். புலி என்றால் 1991க்குப் பிறகு இந்தியாவில் அதற்கு வேறொரு வாசிப்பும் உண்டு என்பதை யாராவது மெதுவாக ஞாபகப்படுத்துவார். தவிர, இந்த லீகில் புலியை வங்காள அணி ஏற்கெனவே எடுத்துக்கொண்டாயிற்று. ஜல்லிக்கட்டுக் காளை? 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக்கு அதைத்தான் 'காங்கேயன்' என்று பெயரிட்டு நிறுத்தினார்கள்.

இந்த வாதங்கள் ஒவ்வொன்றிலும் சுவாரசியம் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் பொதுவாக இருக்கிறது: சின்னத்துக்கும் மக்களுக்கும் நடுவே ஒரு காரணம், ஒரு சாயல் இருந்தாக வேண்டும். நன்னூல் வார்த்தையில் சொன்னால், சின்னம் என்பது காரணப்பெயர் மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லாருமே நினைக்கிறார்கள். அது இடுகுறியாகவும் இருக்கலாமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையே உள்ள உறவு இயற்கையானதல்ல, சமூக வழக்கத்தால் ஆனது என்று சசூர் மொழியைப் பற்றிச் சொன்னார். அணிச் சின்னத்துக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதற்கு வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்துக் கால்பந்து அணி நல்ல உதாரணம்.

அந்த அணியை நீலப்பறவைகள் என்று அழைப்பார்கள். 1911ல் மேட்டர்லிங்க் என்ற பெல்ஜிய நாடகாசிரியரின் 'நீலப் பறவை' அந்த ஊரில் அரங்கேறியபோது ஒட்டிக்கொண்ட பெயர் என்று சொல்கிறார்கள். பறவைக்கும் வேல்ஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2012ல் அணியின் மலேசிய முதலாளி வின்சென்ட் டான் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். சின்னத்தில் டிராகனைப் பெரிதாக்கிப் பறவையை ஒரு மூலைக்குத் தள்ளினார். சாயல்வாதிகளின் கணக்கில் இது ரொம்பச் சரியான மாற்றம். சிவப்பு டிராகன் வேல்ஸின் தேசியச் சின்னம், அந்நாட்டுக் கொடியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் ஆதரவாளர்கள் ஏற்கவில்லை. மூன்று வருஷம் எதிர்த்தார்கள். 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது, பறவையும் பின்னாலேயே வந்தது.

ஏன்? பறவை அவர்களைப் 'போல' இருந்ததால் அல்ல. அப்பனும் பாட்டனும் அந்த நீலத்தைப் போட்டுக்கொண்டு தோற்றிருக்கிறார்கள், ஜெயித்திருக்கிறார்கள், மழையில் நனைந்திருக்கிறார்கள். பயன்பாட்டின் படிவு அது. சின்னத்தின் பொருளை ஓவியர் வரைந்து தருவதில்லை. கைமாறிக் கைமாறி அது ஏறுகிறது.

3

நாகூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேல்ஸ் வரை போக வேண்டியதில்லை. கந்தூரிக்குக் கொடி எப்படி வருகிறது? நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக, கப்பல் வடிவம் செய்த ரதத்தில் வருகிறது. வழியெல்லாம் சனம் காத்துக்கிடக்கும். பிறகு தர்காவின் ஐந்து மினாராக்களிலும் கொடி ஏறும். அவற்றில் உயரமான பெரிய மினாரா, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது.

கப்பல் ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை எஜமான் காப்பாற்றிய கதையைச் சொல்வார்கள். மரைக்காயர்களின் கடல் வியாபாரத்தைச் சொல்வார்கள். கடலோர ஊரில் கப்பல் இல்லாமல் வேறென்ன இருக்கும் என்பார்கள். எந்தப் பதில் சரி என்று தீர்த்துக்கொண்டு யாரும் ரதத்தின் பின்னால் போவதில்லை. முஸ்லிமும் இந்துவும் ஒரே கப்பலை ஒரே மாதிரி வாசிப்பதும் இல்லை. அப்படியும் அது எல்லாருக்கும் சின்னமாக இருக்கிறது. கடல் தாண்டிப் போனவர்கள் அதைக் கையோடு கொண்டும் போனார்கள். பினாங்கிலும், 1830 வாக்கில் சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும், இலங்கையில் கல்முனைக் கடற்கரையிலும் நாகூரின் பெயரால் தர்காக்கள் எழுந்தன. கல்முனையில் இன்றும் கொடியேற்றம் நடக்கிறது.

இதை வைத்து ஒரு பொற்காலக் கதை கட்டிவிடக் கூடாது. தர்காவுக்கும் நிர்வாகம் உண்டு, பரம்பரை உரிமை உண்டு, கோர்ட்டுப் படியேறிய வழக்கும் உண்டு. சொல்ல வருவது வேறு. ஒரு சின்னத்தைச் சுமக்கிறவர்கள் பலராகவும் சுமக்கும் வேலை வருஷா வருஷம் நடப்பதாகவும் இருந்தால், 'இது நம்மைக் காட்டுகிறதா?' என்ற பதற்றம் எழுவதில்லை. சுமப்பதற்கே வாய்ப்பில்லாத இடத்தில்தான் சாயலைத் தேடுகிறோம். ரூர்கேலாவில் நடக்கிற ஆட்டத்தை டிவியில் பார்க்கிற தஞ்சாவூர்ப் பையனுக்கு அந்த அணியோடு இருக்கும் ஒரே உறவு அந்தப் படம்தான். படத்தின் மேல் அவன் அவ்வளவு பாரத்தை ஏற்றுவதில் வியப்பில்லை.

4

பிரதிநிதித்துவம் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதில் இரண்டு காரியங்கள் மறைந்திருக்கின்றன. மார்க்ஸின் ஜெர்மன் மூலத்தை வைத்து 1988ல் காயத்ரி ஸ்பிவாக் இதைப் பிரித்துக் காட்டினார். ஒன்று சித்தரிப்பது: படம் வரைந்து காட்டுவது. மற்றொன்று சார்பில் நிற்பது: வக்கீல் மாதிரி, எம்.எல்.ஏ. மாதிரி நமக்காகப் பேசுவது. இரண்டும் ஒரே சொல்லுக்குள் கலந்துவிடும்போது, சித்தரித்துவிட்டாலே சார்பில் நின்றாகிவிட்டது என்று மயங்குகிறோம்.

சின்ன விவாதத்தின் சிக்கல் இதுதான். டிராகனா, யாளியா, புலியா என்பதெல்லாம் முதல் வகைக் கேள்வி. அணி யாருடையது, அதன் முடிவுகளில் நமக்கு என்ன பங்கு, எங்கே ஆடுகிறது, யாரை எடுக்கிறது என்பது இரண்டாம் வகை. இரண்டாவது கதவு சாத்தியிருப்பதால் முதல் கதவில் போய் முட்டிக்கொள்கிறோம். முதலாளிக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. சின்னத்தைப் பற்றி நாம் எவ்வளவு சண்டை போடுகிறோமோ அவ்வளவுக்கு அது விளம்பரம்.

ஆனால் சின்னச் சண்டையையே நெம்புகோலாக்கி இரண்டாவது கதவை அசைத்தவர்களும் உண்டு. கல்கத்தாவின் மோகன் பகான் 1889ல் தொடங்கியது. 1911ல் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. அதன் சின்னம் பாய்மரப் படகு. 2020ல் ஆர்.பி. சஞ்சீவ் கோயங்கா குழுமத்தின் ஏ.டி.கே. அணியோடு அது இணைக்கப்பட்டது. புதிய கம்பெனியில் குழுமத்தின் பங்கு 80 சதம், பழைய கிளப்பின் பங்கு 20 சதம். படகை எடுத்துவிடவில்லை. பச்சையும் மெரூனும் அப்படியே இருந்தன. படகோடு மூன்றெழுத்தைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அந்த மூன்றெழுத்து 'அட்லெடிகோ டி கொல்கத்தா' என்பதன் மிச்சம். ஸ்பெயின் நாட்டு அட்லெடிகோ மாட்ரிட் 2017லேயே விலகிப் போய்விட்டது. குறிப்பீடு போய்க் குறிப்பான் மட்டும் நின்றது.

சித்தரிப்பு என்ற அளவில் ஆதரவாளர்களுக்குக் குறை சொல்ல அதிகம் இல்லை. அப்படியும் 'ஏ.டி.கே.யை நீக்கு' என்று கிளம்பினார்கள். பதாகை பிடித்தார்கள், ஊர்வலம் போனார்கள், ஆட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். மூன்றெழுத்தை அவர்கள் ஒரு படமாகப் பார்க்கவில்லை. கையெழுத்தாக, சொத்துப் பத்திரமாக வாசித்தார்கள். 2023 மார்ச்சில் அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற இரவில் கோயங்கா அந்தப் பெயரை நீக்குவதாக அறிவித்தார். வந்த புதுப்பெயர் 'மோகன் பகான் சூப்பர் ஜயண்ட்'. அதே குழுமத்தின் லக்னோ கிரிக்கெட் அணி 'சூப்பர் ஜயன்ட்ஸ்'. கையெழுத்து மாறியது, பத்திரம் மாறவில்லை. வெற்றியா என்றால் வெற்றிதான், பாதி.

எதிரணியான ஈஸ்ட் பெங்காலின் சின்னம் தீப்பந்தம். 1930ல் கால்பந்துச் சங்கத்தின் முடிவை எதிர்த்துப் பந்தம் ஏந்தி ஆதரவாளர்கள் ஊர்வலம் போனதிலிருந்து வந்தது அது என்று அந்தக் கிளப்பின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. சண்டை போட்டவர்களின் கையிலிருந்தே சின்னம் வந்திருக்கிறது.

5

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சுமக்கிறவர்களுக்கே சின்னம் சொந்தம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், ரசிகர் கூட்டத்தின் பெரும்பான்மைவாதத்துக்கு வக்காலத்து வாங்கியதாகிவிடும். ஐஸ் ஹாக்கியில் 1926ல் தொடங்கிய சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணியின் சின்னம் இறகு சூடிய ஒரு பூர்வகுடி மனிதனின் தலை. பிளாக் ஹாக் என்ற சாக் இனத் தலைவர் தம் மக்களை மண்ணைவிட்டு விரட்டியதை எதிர்த்து 1832ல் போரிட்டுத் தோற்றவர். வென்ற ராணுவமே பிற்பாடு ஒரு படைப்பிரிவுக்கு அவர் பெயரை வைத்தது. அதில் பணியாற்றிய முதலாளி அதை ஹாக்கி அணிக்கு வைத்தார். ரசிகர்களோ அந்தத் தலையை நேசிக்கிறார்கள், விளையாட்டுலகின் அழகான சின்னம் என்கிறார்கள். பூர்வகுடிகளைக் குறித்த பழைய பெயரை வாஷிங்டன் அணி 2020ல் விட்டது. கிளீவ்லாந்து பேஸ்பால் அணி 2018க்குப் பின் கேலித்தலையையும், 2021க்குப் பின் பெயரையும் விட்டது. சிகாகோ 2020ல் விட மறுத்தது. அரங்கில் இறகுக் கிரீடம் அணிந்து வருவதை மட்டும் தடை செய்தது.

ஆக, சின்னத்தில் இரண்டு தரப்பு இருக்கிறது: சுமக்கிறவர், முகம் கொடுத்தவர். இரண்டாமவர் பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை. நம் பக்கத்திலும் பார்க்கலாம். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தபோது யானைச் சின்னத்துக்கு 'பொம்மன்' என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்கர் பெற்ற ஆவணப்படத்தில் வந்த முதுமலைக் காட்டுநாயக்கர் ஒருவரின் பெயர் அது. கௌரவமாகத்தான் வைத்தார்கள், சந்தேகமில்லை. ஆனாலும் யானையைப் பார்த்துக்கொண்ட ஆதிவாசியின் பெயர் யானைக்கே போய், யானை ஹாக்கி மட்டை பிடித்து நிற்கும்போது, காட்டு உரிமை கேட்கிற மனிதன் அந்தப் படத்தில் எங்கே இருக்கிறான் என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

6

தமிழ்நாட்டு ஹாக்கிக்கு வருவோம். ரொம்பக் காலம் இங்கே ஆட்டத்தை நடத்தியவை ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற நிறுவன அணிகள். அவற்றின் சட்டையில் இருந்தது முதலாளியின் முத்திரைதான். ஆனால் கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலாளி வீட்டுப் பையனுக்கு அந்த முத்திரையின் பொருள் ஐயமற்றது: விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அது அவனைச் சித்தரிக்கவில்லை, ஆனால் அவன் வீட்டு அடுப்பை எரித்தது. அந்த வேலைகள் சுருங்கிவரும் காலத்தில் டிராகன் வந்திருக்கிறது என்பதைச் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அதனால் டிராகனை எடுத்துவிட்டு யாளியை வைத்தால் போதுமா? யாளி அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த முதலாளி வந்தால் யாளியும் போகும். கேட்க வேண்டியவை வேறு. சின்னத்தையும் நிறத்தையும் பெயரையும் ஆதரவாளர்களைக் கேட்காமல் மாற்ற முடியாது என்று ஏன் விதி இருக்கக் கூடாது? ஹல் சிட்டி அணியைப் புலிகள் என்று பெயர் மாற்றும் முதலாளியின் விண்ணப்பத்தை 2014ல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நிராகரித்தது. 2025ல் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய கால்பந்து நிர்வாகச் சட்டம், சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்ற ஆதரவாளர்களில் பெரும்பான்மையின் ஆதரவு வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலான கால்பந்துக் கிளப்புகளில் வாக்குரிமையின் பெரும்பங்கு உறுப்பினர்கள் கையில் இருக்கிறது. இங்கேயும் கேட்கலாம்: அணியில் உறுப்பினராக வழி, கோவில்பட்டியிலோ திருச்சியிலோ சில ஆட்டங்கள், எடுக்கிற ஆட்களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உறுதியான இடம்.

இதெல்லாம் கிடைத்தால் டிராகனே இருந்துவிட்டுப் போகட்டும். நாலு வருஷம் நாம் சுமந்தால் அதுவும் தமிழ் பேசிவிடும்.