துருக்கிக் கடற்கரைச் சந்தையில் கைவேலைப் பொருள் வாங்குவது எப்படி?



கண்காட்சியில் கடை போட்டு உட்காரும்போது, வருகிறவர்கள் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது கையால செஞ்சதா, மெஷின்ல வந்ததா?" என்று கேட்பது நமக்குப் பழகிப்போன கேள்வி. துருக்கி நாட்டில் ஃபெத்தியே என்ற கடற்கரை ஊரிலும் இதே கேள்விதான். அங்கே பொருள் வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும், எங்கே ஏமாறுகிறார், கொடுத்த காசு செய்தவள் கைக்குப் போகிறதா என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

ஃபெத்தியே துருக்கியின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது. முன்னால் கடல், பின்னால் மலை. மலைப்பாறையைக் குடைந்து செய்த பழங்காலக் கல்லறைகள் ஊருக்குள் நின்று பார்த்தாலே தெரியும். 1957-ல் நிலநடுக்கத்தில் இடிந்து, மறுபடி கட்டிய ஊர் இது. கோடையில் வெளிநாட்டுப் பயணிகள் வந்து குவிவார்கள். பஸ்பதூர் என்ற பழைய கடைவீதி ஒன்று உண்டு. அதோடு செவ்வாய்க்கிழமை தோறும் பெரிய சந்தை கூடும். தக்காளி, ஆலிவ் காய், தேன் எல்லாம் ஒரு பக்கம். துணி, செருப்பு, தோல் பை ஒரு பக்கம். நடுவே பெண்கள் உட்கார்ந்து மாவை மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்து மடித்துக் கல்லில் சுட்டுக் கொடுப்பார்கள். அதற்குக் கோஸ்லெமே என்று பெயர்.

சந்தையில் குவிந்து கிடப்பதெல்லாம் அந்த ஊர்ப் பெண்கள் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. தொழிற்சாலைச் சரக்கும் வெளிநாட்டிலிருந்து இறக்கிய சரக்கும் கைவேலையோடு கலந்தே கிடக்கும்.

முதலில் கண்ணில் படுவது நீலக்கண் மணி. நஸர் பொன்ஜூ என்பார்கள். கண் திருஷ்டிக்குத்தான், வேறெதற்கு? குழந்தையின் சட்டையில், வாசற்படியில், வண்டியில் எல்லாம் தொங்கும். இஸ்மிர் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள சில கிராமங்களில் இன்றும் சூளை வைத்துச் செய்கிறார்கள். உருகிய கண்ணாடியை இரும்புக் கம்பியில் சுற்றி, அது ஆறுவதற்குள் வெள்ளை, வெளிர்நீலம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பொட்டு வைப்பார்கள். அந்த அனலுக்கு முன்னால் உட்காருவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் கடையில் கொத்துக் கொத்தாகத் தொங்குவதில் பிளாஸ்டிக்கும் நிறைய. கையில் எடுத்துப் பாருங்க. கண்ணாடி சில்லென்று இருக்கும், கனக்கும், உள்ளே சின்னக் குமிழி தெரியும். நாலு மணியை வரிசையாக வைத்தால் நாலு கண்ணும் நாலு விதமாகப் பார்க்கும். எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் அது அச்சில் வார்த்தது.

அடுத்தது கம்பளம். பெரிய பணம் புரள்வதும், பெரிதாக ஏமாறுவதும் இதில்தான். துருக்கிக் கம்பளத்தில் ஒவ்வொரு முடிச்சும் இரண்டு பாவு நூலைச் சேர்த்துச் சுற்றிப் போடப்படுகிறது. அதனால் உறுதி அதிகம். ஹெரெக்கே என்ற ஊரின் உயர்ந்த பட்டுக் கம்பளத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 முடிச்சு கூட இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் முடிச்சு! எல்லாம் விரல் போட்டது. கம்பளி நூலில் நெய்வதில் முடிச்சு இதைவிட மிகவும் குறைவு, விலையும் குறைவு.

சோதிப்பது எப்படி? கம்பளத்தைப் புரட்டி முதுகைப் பாருங்க. கையால் முடிச்சுப் போட்டதில் முன்பக்கத்து டிசைன் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும். ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் நுனியாகவே இருக்கும். குஞ்சத்தைத் தனியாக வைத்துத் தைத்திருந்தால் சந்தேகப்படலாம். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டக் கூடாது. ஒரு இழையைக் கேட்டு வாங்கிக் கொளுத்தினால் கம்பளியும் பட்டும் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். செயற்கை நூல் உருகி உருண்டையாகிவிடும்.

சாயத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. ரசாயனச் சாயம் வந்த பிறகு, அங்குள்ள கிராமங்களில் செடி, வேர்ச் சாயம் காய்ச்சும் பழக்கம் பெரும்பாலும் மறந்து போனது. 1980-களின் தொடக்கத்தில் மர்மரா பல்கலைக்கழகம் ஜெர்மானியரான ஹரால்ட் போமரோடு சேர்ந்து, பழைய கம்பளங்களின் சாயத்தை ஆராய்ந்து, அதைக் கிராமத்து நெசவுக் குடும்பங்களுக்கு மறுபடி கற்றுக் கொடுத்தது. ஃபெத்தியேவுக்கு வெகு வடக்கே அய்வஜிக், யுன்த்தா பகுதிகளில் நடந்த வேலை இது. நெய்கிறவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து விற்றார்கள். சிவப்புக்கு அவர்கள் எடுத்தது, நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறதே மஞ்சட்டி, அதன் இனத்தைச் சேர்ந்த செடியின் வேர்தான். தரகருக்கு விற்காமல் கூட்டுறவு வழியாக விற்றால் என்ன மிச்சமாகும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பயணிகளைக் கம்பளக் கடைக்கு அழைத்துப் போகிற வழிகாட்டிகள் பலருக்குக் கடைக்காரர் கமிஷன் தருவது வழக்கம். அந்தக் கமிஷன் விலையில்தான் ஏறும். அதனால் தானாகவே நாலு கடை ஏறி இறங்கி விசாரிப்பது நல்லது. கடைக்காரர் சின்னக் கண்ணாடித் தம்ளரில் டீ கொடுப்பார். அது உபசாரம். குடித்துவிட்டு வாங்காமல் எழுந்து வந்தாலும் தப்பில்லை. கம்பளத்துக்குப் பேரம் பேசலாம், பேசத்தான் வேண்டும்.

எங்களுக்கு ரொம்பப் பிடித்தது ஓயா. தலைத்துணியின் ஓரத்தில் ஊசியும் நூலும் மட்டும் வைத்துப் பின்னுகிற பூ வேலை. பூ, காய், இலை எல்லாம் நூலிலேயே எழும்பி நிற்கும். அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண் வாய் திறந்து சொல்ல முடியாததை இந்த ஓரத்தில் சொல்லிவிடுவாள். புருஷன் மேல் கோபமா? மிளகாய் ஓயா கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவாள். பார்க்கிறவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். 'மாமியார் நாக்கு' என்றே ஒரு டிசைன் உண்டு, விளக்கம் தேவையா? ஊசி ஓயாவில் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சு. ஒரு இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் பிரிந்து போகாது. இவ்வளவு நுணுக்கமான வேலைக்குத்தான் கூலி குறைவு. வீட்டில் உட்கார்ந்து பின்னி வியாபாரியிடம் கொடுக்கிற பெண்ணுக்கு அவள் செலவழித்த நேரம் கணக்கிலேயே வருவதில்லை. சந்தையில் பின்னியவளே விற்கிறாள் என்றால் அவளிடம் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

ஃபெத்தியேவின் சொந்தத் துணி என்றால் தஸ்தார். பக்கத்து மலை ஊரான உசும்லுவில் பெண்கள் மரத்தறியில் நெய்வது. மெல்லிய, சுருக்கம் விழுந்த துணி. முன்பு தலைக்குப் போட நெய்தார்கள், இப்போது சால்வை, சட்டைத் துணி என்றும் வருகிறது. வாங்க நினைப்பவர் அந்த ஊருக்கே போய்த் தறியையும் பார்த்துவிட்டு வாங்கலாம். குளியல் துண்டான பெஷ்தெமால் பக்கத்து தெனிஸ்லி மாகாணத்துச் சரக்கு, பருத்தி. இரண்டு மூன்று தடவை துவைத்த பிறகுதான் நன்றாக ஈரம் உறிஞ்சும்.

மசாலாக் கடையில் ஒரு வேடிக்கை. 'இந்தியக் குங்குமப்பூ' என்று எழுதிக் குவித்திருப்பது என்ன தெரியுமா? நம் வீட்டு மஞ்சள் தூள்! மலிவான 'துருக்கிக் குங்குமப்பூ' என்பதும் பெரும்பாலும் குசும்பாப் பூவின் இதழ்தான். உண்மையான குங்குமப்பூவைக் கிராம் கணக்கில்தான் விற்பார்கள்.

கடைசியாக, ஒன்றில் மட்டும் விளையாடக் கூடாது. பழைய நாணயம், சிலைத்துண்டு, பானை ஓடு என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் தொடவே கூடாது. 1983-ல் வந்த சட்டப்படி பழம்பொருளை நாட்டை விட்டு எடுத்துப் போவது குற்றம், சிறைத்தண்டனை உண்டு. கடற்கரையில் பொறுக்கிய செதுக்குக் கல்லாக இருந்தாலும் விமான நிலையத்தில் பிடித்து வைத்துக் கொள்வார்கள். பழசாகத் தெரிகிற கம்பளம் வாங்கினால், இது பழம்பொருள் அல்ல என்று அருங்காட்சியகம் தரும் சான்றையும் ரசீதையும் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பெட்டியில் மேலாக வைத்துக் கொள்ள வேண்டும்.