கொடி மாறியும் கலையாத படை

1921 நவம்பர் 19-ஆம் தேதி மாலை திரூரிலிருந்து புறப்பட்ட ரயில் நள்ளிரவு தாண்டிக் கோவையை அடுத்த போத்தனூர் வந்து சேர்ந்தது. அதில் கோத்திருந்த மூடிய சரக்கு வேகன் ஒன்றில் 100 கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலோர் ஆங்கில ஆட்சிக்கு எதிரான மலபார்க் கலகத்தில் பிடிபட்ட மாப்பிளை முஸ்லிம்கள்; சில இந்துக்களும் உண்டு. கதவைத் திறந்தபோது 56 பேர் மூச்சு முட்டி இறந்து கிடந்தார்கள். பிழைத்தவர்களிலும் சிலர் அடுத்தடுத்து இறக்க, சாவு எழுபதை எட்டியது. கேரளத்தில் இதைப் பாடமாகவே படிக்கிறார்கள். கொங்கு மண்ணில் நடந்து முடிந்த கொடுமையைக் கோவையில் பேசுவோர் குறைவு. நாப் என்ற அதிகாரியின் தலைமையில் அரசு விசாரணை வைத்தது. கைதிகளுடன் வந்த சார்ஜென்ட் மீது வழக்கும் நடந்தது, அவர் விடுதலையானார். விசாரணையில் தெரியவந்த ஒரு செய்தி மற்றவற்றைவிட முக்கியமானது. சரக்கு வேகனில் கைதிகளை ஏற்றுவது அன்றைக்குப் புதிதாகச் செய்த காரியம் அல்ல. அந்த மாதங்களில் அது வழக்கமான ஏற்பாடாகவே இருந்தது. தனிமனிதர் ஒருவரின் குரூரத்தைத் தேடிக்கொண்டிருந்தால் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது கண்ணில் படாமல் போகும்.

அதே 1921-இல், தெற்கு மலபார் போலீஸ் சூப்பிரண்டு ஹிட்ச்காக்கின் முயற்சியில் ஒரு புதிய படை உருவானது. தொடக்கத்தில் 600 காவலர்கள் அளவில் இருந்த அதுதான் மலபார் ஸ்பெஷல் போலீஸ். எம்.எஸ்.பி. என்பது ஆவணப் பெயர். தமிழ்நாட்டு மக்கள் வாயில் அது ‘மலபார் போலீஸ்’. பெயரில் போலீஸ் என்று இருந்தாலும் திருடனைப் பிடிப்பதோ புகார் எழுதுவதோ அதன் வேலை அல்ல. ஊருக்கு வெளியே பாரக்கில் தங்கும், ராணுவம்போல் அணிவகுக்கும், துப்பாக்கியோடு அனுப்பப்படும், வேலை முடிந்ததும் திரும்பிவிடும். சுபேதார், ஜமேதார், ஹவில்தார் என்று பதவிப் பெயர்கள்கூட ராணுவத்திலிருந்து வந்தவை. மேலே வெள்ளை அதிகாரிகள், கீழே இந்நாட்டுக் காவலர்கள். பட்டாளத்தை அழைத்தால் செலவு அதிகம். சொந்தக் குடிகளை அடக்க ராணுவம் தேவைப்படுகிறது என்பது லண்டன் வரை தெரிந்துவிடும். போலீஸ் என்ற பெயரில் ஒரு சிறு பட்டாளம் வைத்துக்கொண்டால் இரண்டு தொல்லையும் இல்லை. ஆங்கிலேயர் அயர்லாந்தில் பழகிய உத்தி இது. தென்னாப்பிரிக்கப் பகுதியில் செசில் ரோட்ஸின் கம்பெனி 1889-இல் திரட்டிய போலீஸ் படையும் இதே அச்சில் வார்த்ததுதான். நிலத்தைப் பிடிக்கப் போன அந்தப் படைதான் பிறகு ரொடீசியாவின் போலீசாக நிலைத்தது.

மலபாரில் அன்று அப்படி ஒரு படை தேவைப்படவில்லையா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. அந்தக் கலகத்தில் சாதாரண இந்துக் குடும்பங்களும் கொல்லப்பட்டன, கட்டாய மதமாற்றங்களும் நடந்தன. கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதை எந்த அரசிடமும் யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் கலகம் அடங்கிய பிறகும் படை கலைக்கப்படவில்லை. மலையாளம் பேசும் காவலர்களை அரசு கோதாவரி ஏஜென்சி மலைக்காடுகளுக்கு அனுப்பி, காட்டு உரிமைக்காக எழுந்த அல்லூரி சீதாராம ராஜுவின் ஆட்களை வேட்டையாட வைத்தது. 1924 மே மாதம் ராஜு சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மலைவாசிகளின் மொழியோ குறையோ வந்தவர்களுக்குத் தெரியாது. அந்த அந்நியத்தன்மைக்காகவேதான் அவர்கள் அனுப்பப்பட்டார்கள். ஓர் அவசரத்துக்காகப் பிறந்த படை, அவசரம் தீர்ந்ததும் தனக்கு வேறு வேலை தேடிக்கொண்டது.

வெள்ளைக்காரன் போனதோடு அந்தக் கதை முடிந்தது என்பாரும் உண்டு. அவன் போகுமுன்பே நம்மவர் கைக்கு மாகாண ஆட்சி வந்த 1946-ஆம் ஆண்டைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அப்போது சென்னை மாகாணத்தில் தேர்தலில் வென்ற காங்கிரஸ் மந்திரிசபை, பிரதமர் (இன்றைய வழக்கில் முதல்வர்) டி. பிரகாசம். 1928-இல் சைமன் கமிஷன் எதிர்ப்பின்போது சென்னையில் போலீஸ் துப்பாக்கியின் முன் மார்பைத் திறந்து நின்றவர் அவர். அவருடைய ஆட்சியில்தான் நவம்பரில் கோவை ஸ்டேன்ஸ் மில் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. டிசம்பர் 20 அன்று வட மலபாரின் கரிவெள்ளூரில், பஞ்சகாலத்தில் ஊர் நெல்லை வெளியே கொண்டுபோக விடமாட்டோம் என்று மறித்த விவசாயிகளை எம்.எஸ்.பி. சுட்டு, இருவர் இறந்தார்கள். பிரகாசத்தின் தியாகத்தைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவ்வளவு பெரிய மனிதரின் கைக்கு வந்தும் அந்தக் கருவி பழையபடியே வேலை செய்தது என்பதுதான் என்னை உலுக்குகிறது. அதே ஆண்டு எம்.எஸ்.பி. காவலர்களே வேலைநிறுத்தம் செய்து, பலர் வேலை இழந்தார்கள். பாரக்கில் இருந்தவனும் வயிற்றுப்பாட்டுக்கு வந்த ஏழைதான். அவனுடைய குறையைக் கேட்கவும் அந்த அமைப்பில் ஆள் இல்லை.

1956-இல் மலபார் மாவட்டம் கேரளத்தோடு சேர்ந்தது. மலப்புறத்தில் எம்.எஸ்.பி. அதே பெயரில் இன்றும் இயங்குகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் அந்த மரபில் வளர்ந்தது தமிழ்நாடு சிறப்புக் காவல் படை. அதன் நான்காம் பட்டாலியன் கோவைப்புதூரில் இருக்கிறது. 1965 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் இந்தி எதிர்ப்பாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தக் கோபம் ஆட்சியையே மாற்றியது. அந்த அலையில் வந்தவர்களின் ஆட்சியில், 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா கூட்டியதை எதிர்த்துப் பெருமாநல்லூரில் திரண்ட உழவர்களில் மூவர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். கட்சி எதுவானாலும், பேசித் தீர்க்கவேண்டிய குறைக்குத் துப்பாக்கியை அனுப்பும் பழக்கம் போகவில்லை. வேறு நாடுகளிலும் இதே கதைதான். நமீபியாவில் தென்னாப்பிரிக்க அரசு 1979-இல் அமைத்த ‘கூவூட்’ என்ற போலீஸ் படை விடுதலைக்கு முன்பே கலைக்கப்பட்டது. ஆனால் புதிய அரசு 1995-இல், பெரும்பாலும் விடுதலைப் போராளிகளைக் கொண்டே, இன்னொரு சிறப்புப் படையை அமைத்தது. அதன்மீதும் மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டும் நிலை வந்தது.

எல்லாவற்றையும்விடக் கனமான எதிர்வாதம் கோவையிலிருந்தே வருகிறது. 1997 நவம்பர் 29 அன்று ஒரு காவலர் குத்திக் கொல்லப்பட்டார். உள்ளூர் போலீசார் வேலையை விட்டுத் தெருவில் இறங்கினார்கள். அடுத்து வந்த மதக் கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலுமாக 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். ராணுவமும் அதிவிரைவுப் படையும் வந்த பிறகுதான் நகரம் அடங்கியது. ஊரோடு ஒட்டியிருந்த போலீஸ் ஒருபக்கம் சாய, எங்கிருந்தோ வந்தவர்கள் காப்பாற்றினார்கள். வெளியூர்ப் படையே கூடாது என்று இதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. குடிமக்கள் இரு தரப்பாக மோதும்போது நடுவே நிற்க வருகிற படையும், அரசிடம் குறை சொல்ல வந்த மக்களை விரட்ட வருகிற படையும் ஒரே சீருடையில் இருக்கலாம். முதலாவது வேலைக்கு அந்நியத்தன்மை பலம். இரண்டாவதில் அதுவே ஆபத்து.

இரண்டையும் பிரித்துக் காட்டவேண்டியது சட்டம். அங்கேதான் 1921 இன்னும் நம்மோடு இருக்கிறது. கூட்டத்தைக் கலைக்க எடுத்த நடவடிக்கைக்காக, அரசின் முன் அனுமதி இல்லாமல் போலீஸ் மீதோ மாஜிஸ்திரேட் மீதோ வழக்குத் தொடர முடியாது என்று 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு சொன்னது. சுதந்திர இந்தியா 1973-இல் அந்தச் சட்டத்தைப் புதிதாக எழுதியபோதும் அதே பாதுகாப்பு, அதே 132 என்ற எண்ணிலேயே நின்றது. அந்தக் கவசம் இல்லாவிட்டால் எந்தக் காவலரும் துணிந்து கலவரத்தில் இறங்கமாட்டார் என்பார்கள். நேர்மையாகக் கடமை செய்தவருக்குக் கவசம் வேண்டும், சரி. ஆனால் அந்தக் கடமை நேர்மையானதா என்பதை நீதிமன்றம் தீர்மானிப்பதற்கு முன்பே, சுடச் சொன்ன அதே அரசு அனுமதி தர மறுத்துக் கதவை அடைத்துவிட முடிகிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு அருணா ஜெகதீசன் ஆணையம் ஆண்டுக்கணக்கில் சாட்சிகளைக் கேட்டு, அதிகாரிகளின் பொறுப்பைச் சுட்டி அறிக்கை தந்தது. அதற்கடுத்து 2023-இல், காலனியச் சட்டங்களை ஒழிக்கிறோம் என்ற அறிவிப்போடு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பழைய 132 அதில் 151-ஆம் பிரிவாக இருக்கிறது.